ஊட்டிக்குப் போகும்முன்: மலைக்குப் பாரமாகாமல் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி

குன்னூரிலிருந்து ஊட்டி 18 கிலோமீட்டர்தான். சாதாரண நாளில் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஒரு மே மாதச் சனிக்கிழமை அதே தூரத்துக்கு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பஸ்ஸுக்கு நாலைந்து வண்டி முன்னால் ஓர் ஆம்புலன்ஸ் நின்றுகொண்டிருந்தது. வழிவிட எல்லோருக்கும் மனம் இருந்தது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், ஒதுங்க இடம்தான் இல்லை.

நான் இந்த மலையில் பிறந்து வளர்ந்தவள். சுற்றுலாவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பச்சைத் தேயிலைக்கு விலை விழும் வருடங்களில், டாக்சி ஓட்டும் பிள்ளையும் லாட்ஜில் வேலைசெய்யும் அக்காவும் கொண்டுவரும் பணத்தில்தான் இங்கே பல வீடுகளில் உலை வைக்கிறார்கள். ஆனால் நீலகிரி சின்ன மாவட்டம். 2011 கணக்கெடுப்பின்படி மொத்தமே 7.35 லட்சம் பேர். சீசனில் ஒரு நாளைக்குச் சுமார் 20,000 வண்டிகள் மேலே ஏறுவதாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கணக்குச் சொல்லப்பட்டது. அத்தனை பேருக்குமான தண்ணீரும் சாலையும் இங்கே இல்லை.

பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு இந்த மலையில் தங்குகிறது? நான் கொண்டுவந்ததில் எவ்வளவு என்னோடு கீழே இறங்குகிறது? இன்றைக்குப் பெரும்பாலும் நடப்பது தலைகீழ். பணம் இறங்கிப் போய்விடுகிறது, குப்பை மேலேயே தங்கிவிடுகிறது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இதைத் திருப்பிப்போடத்தான்.

படி 1: எந்த மாதம், எத்தனை நாள்

ஏப்ரல், மே முதல் சீசன். தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி எல்லாம் அப்போதுதான். எங்கள் குழாய்களில் தண்ணீர் மிகக் குறைவாக வருவதும் அப்போதுதான். குன்னூருக்கு ரேலியா அணையையும் ஊட்டிக்குப் பார்சன்ஸ் வேலியையும்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். கோடையில் குன்னூரின் சில தெருக்களில் தண்ணீர் வர ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகும். அந்த வாரத்தில் பக்கத்து லாட்ஜில் எல்லா அறைகளும் நிரம்பியிருக்கும்.

முடிந்தால் செப்டம்பரில் வாருங்கள். இல்லாவிட்டால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை வரலாம், அதுவும் வாரநாட்களில். மழை ஓய்ந்த செப்டம்பரில் மலையின் பச்சையே வேறு மாதிரி இருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. நவம்பரில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண்சரிவு பயம் உண்டு. 2009 நவம்பர் சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். எச்சரிக்கை வந்த நாட்களில் பயணத்தைத் தள்ளிவைப்பது உங்கள் பாதுகாப்புக்கு மட்டுமல்ல. மீட்புப் பணிக்கு வரும் ஆட்களுக்கும் வண்டிகளுக்கும் சாலை வேண்டும்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது, வேறு வழியில்லை என்றால் சரி, சனி ஞாயிறைத் தவிர்த்துவிட்டு மூன்று நான்கு நாள் ஒரே இடத்தில் தங்குங்கள். காலையில் ஏறி ராத்திரி இறங்கும் ஒருநாள் பயணம்தான் ஊருக்கு மிகக் குறைவாகத் தருவது. அறை எடுப்பதில்லை, பாதிச் சாப்பாடு கையோடு வருகிறது, சாலையில் மட்டும் முழுப் பங்கு.

படி 2: ஏறும் வழி

சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ஆம் தேதி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது வந்தது. அந்த ஆண்டு எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 2025 ஏப்ரலில் தொடங்கிய சீசனுக்கு, நீலகிரியில் வாரநாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. விதி மாறிக்கொண்டே இருப்பதால் கிளம்பும் வாரத்தில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாஸ் கிடைக்காத நாளில் சுற்றுவழியாக ஏறப் பார்க்காதீர்கள். கல்லாறு, குஞ்சப்பனை, நாடுகாணி, கக்கநல்லா என்று எல்லா வழியிலும் சோதனைச் சாவடி உண்டு.

இதில் எங்கள் ஊருக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வரம்பு வந்ததை எதிர்த்து 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். இரண்டு மாத சீசனில் வருட வாடகையைச் சம்பாதிக்கும் சின்னக் கடைக்காரரின் கவலை நியாயமானது. நெரிசலில் பள்ளிக்கூட பஸ் நின்று, பிள்ளை இருட்டிய பிறகு வீடு வந்து சேருகிறதே என்னும் தாயின் கவலையும் நியாயமானதுதான். என் அபிப்பிராயத்தில் வரம்பு தேவை. கூடவே, காரில் வர முடியாதவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் வசதியாக வந்தால் கடைக்காரருக்கும் நஷ்டம் இருக்காது.

அதனால் என் முதல் யோசனை: காரைக் கீழே விட்டுவிடுங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பினால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில். 46 கிலோமீட்டர், 16 குகைகள், சுமார் 250 பாலங்கள். 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. மேலே வந்தபிறகு உள்ளூர் டாக்சி எடுங்கள். அந்த ஓட்டுநருக்கு எந்த வளைவில் பனி இறங்கும், எந்த நேரத்தில் எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும் என்று தெரியும். அவர் வீட்டுக்கும் அன்றைக்கு வருமானம்.

கார்தான் என்றால் மூன்று விஷயங்கள். ஏறுகிற வண்டிக்கு வழிவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். பர்லியார்ப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும், அப்போது செல்போனை எடுத்துக்கொண்டு வண்டியைவிட்டு இறங்காதீர்கள். சீசனில் ஊட்டிக்கு ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள், அதையும் கணக்கில் வைத்துக் கிளம்புங்கள்.

படி 3: தங்குமிடம்

பயணச் செலவில் பெரும்பங்கு அறைக்குத்தான் போகும். அதனால் ஊருக்கு நன்மையோ கெடுதலோ மிகுதியாக முடிவாவது இங்கேதான். அவசரப்படாமல் போனில் நாலு கேள்வி கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முதல் கேள்வி, உரிமம் இருக்கிறதா. நீலகிரியில் வீடு கட்டுவதற்கே தனி விதிகள். உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது, சரிவான நிலத்தை வெட்ட அனுமதி வேண்டும். 1993-இல் இங்கே தனி மாஸ்டர் பிளான் வந்தது. ஆனாலும் தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில், குடியிருப்பு என்று அனுமதி வாங்கிக் காட்டேஜாக ஓடும் கட்டடங்கள் இருக்கின்றன. மலையை வெட்டிய மண்ணுக்குக் கீழே யாருடைய வீடு இருக்கிறது என்பது மழைக்காலத்தில்தான் தெரியவரும். உரிம எண்ணைக் கேட்டால் சரியான ஆள் உடனே சொல்லிவிடுவார். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

இரண்டாவது, உரிமையாளர் எங்கே இருக்கிறார். அதே வீட்டில் குடும்பத்தோடு வசித்துக்கொண்டு ஓர் இரண்டு அறையை விருந்தினருக்கு விடுவதுதான் உண்மையான ஹோம்ஸ்டே. அங்கே கொடுக்கும் பணம் பக்கத்து மளிகைக் கடைக்கும் பால்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும். வெளியூரில் இருக்கும் ஒருவர் வீட்டை வாங்கிப்போட்டு, ஒரு காவலாளியை வைத்து செயலி வழியாக வாடகைக்கு விட்டால், காவலாளியின் சம்பளம் மட்டும்தான் மலையில் நிற்கும். இன்னொன்றும் நடக்கிறது. தினவாடகையில் வருமானம் மிகுதி என்பதால் மாதவாடகைக்கு வீடு கிடைப்பதில்லை. மாற்றலாகி வரும் செவிலியரும் ஆசிரியரும் வீட்டுக்கு அலைவதை நான் வருடாவருடம் பார்க்கிறேன்.

மூன்றாவது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது. நகராட்சிக் குழாயா, சொந்தக் கிணறா, லாரியா? கோடையில் லாரித் தண்ணீர் என்றால், அது ஏதோ ஒரு கிராமத்தின் கிணற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோதான் வருகிறது. மழைநீர் சேமிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பாத்டப் இருக்கிறதா என்று விசாரிக்கும் இடத்தில், வாளி இருந்தால் போதும் என்று சொல்லிப்பாருங்கள். வெந்நீர் ஒரு வாளி, குளிர்ந்த தண்ணீர் அரை வாளி, மலையில் குளிக்க இவ்வளவே தாராளம்.

நான்காவது கேள்வி மசினகுடி, மாவனல்லா, வாழைத்தோட்டம் பக்கம் தங்க நினைப்பவர்களுக்கு. முதுமலையை ஒட்டிய சீகூர் பீடபூமி கிழக்குத் தொடர்ச்சி மலையையும் மேற்குத் தொடர்ச்சி மலையையும் சேர்க்கும் யானை வழித்தடம். அதை யானை வழித்தடமாக அறிவித்த தமிழக அரசின் 2010 அறிவிப்பு செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழித்தடத்துக்குள் இருந்த ரிசார்ட்டுகள் மூடவேண்டியதாயிற்று. அடுத்த ஜனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானையின்மீது எரியும் டயரை வீசினார்கள். காயத்தோடு திரிந்த அந்த யானை இறந்துபோனது. அந்த வீடியோவை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. ஆகவே, இரவு சஃபாரி, கேம்ப்ஃபயர், "யானை பார்க்க உத்தரவாதம்" என்று விளம்பரம் செய்யும் எந்த இடத்திலும் தங்காதீர்கள். தனியார் இரவு சஃபாரி சட்டவிரோதம். அதில் ஏறினால் நீங்களும் குற்றத்தில் பங்குதான்.

படி 4: பை கட்டுவது

இது சுருக்கமான படி. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், இரண்டு மஞ்சப்பை, குப்பைக்கென்று ஒரு காலிப் பை. 2019 ஆகஸ்ட் 15 முதல் நீலகிரியில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. சோதனைச் சாவடியில் பறிமுதல் செய்வார்கள், அபராதமும் உண்டு. பதிலுக்கு முக்கியமான இடங்களில் தண்ணீர் ஏடிஎம் வைத்திருக்கிறார்கள். சிலது பழுதாகிக் கிடக்கும். அப்படி இருந்தால் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், கொதித்து ஆறிய தண்ணீர் தராத கடையை நான் பார்த்ததில்லை.

படி 5: என்ன வாங்குவது, யாரிடம் வாங்குவது

தேயிலை வாங்கத்தான் போகிறீர்கள். சாலையோரத்தில் "ஃபேக்டரி விலை" என்று எழுதிய கடைகளில் இருக்கும் தூள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். ஒன்று இன்ட்கோசர்வ். 16 கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம், சுமார் 30,000 சிறு தேயிலை விவசாயிகள் அதன் உறுப்பினர்கள். ஹட்டி எனும் தங்கள் ஊர்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் படகர் குடும்பங்கள் கொழுந்து போடுவது இங்கேதான். மற்றொன்று அரசின் டான்டீ. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களுக்கு வேலை தருவதற்காக உருவானது. கூடலூர், கோத்தகிரி, குன்னூர்த் தோட்டங்களின் லைன் வீடுகளில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். அந்தத் தேயிலை பொட்டலத்துக்கு இப்படி ஒரு கதை இருப்பது வாங்குகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

கேரட், பீட்ரூட், பீன்ஸை உழவர் சந்தையில் வாங்குங்கள். வர்க்கியைப் பழைய பேக்கரியில், அடுப்பிலிருந்து இறங்கியதும் வாங்கினால் அதன் ருசியே தனி. பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், காகிதத்தில் கட்டச் சொல்லுங்கள்.

தேன், மிளகு, காப்பி வாங்குவதென்றால் கோத்தகிரியில் ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. இருளர், குறும்பர் உள்ளிட்ட பழங்குடி மக்களே அதன் பங்குதாரர்கள். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது அதற்குக் கிடைத்தது. பாறையில் கயிறு கட்டித் தொங்கித் தேன் எடுப்பவரின் பங்கு அவருக்கே போய்ச்சேருகிற ஏற்பாடு.

அப்புறம் தோடர் பழங்குடியினரின் பூ வேலைப்பாடு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழைகளை எண்ணி எண்ணிப் போடுவது. கீழே கோலம் வரைந்துகொள்வதில்லை, கணக்கெல்லாம் கையிலும் கண்ணிலும்தான். தோடர்கள் போர்த்திக்கொள்ளும் ஒரு புத்துக்குளி முடிய வாரக்கணக்கில் ஆகும். 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வடிவத்தை மெஷினில் அடித்துச் சந்தையில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். துணியைத் திருப்பிப் பாருங்கள், கைவேலையில் பின்புறத்தில் இழைகள் தெரியும். தோடர் பெண்களிடம் நேராகவோ, அவர்களிடம் வாங்கி விற்கும் கடையிலோ வாங்குங்கள். பெரிய போர்வைக்குப் பணம் இல்லையா, ஒரு சின்ன பர்ஸ் வாங்குங்கள். பேரம் மட்டும் வேண்டாம்.

படி 6: மந்துக்குப் போவதென்றால்

உதகமண்டலம் என்ற பெயரே ஒத்தைக்கல்மந்து என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். மந்து என்றால் தோடர் குடியிருப்பு. ஊட்டி ஏரிக்குச் சாக்கடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கால்வாய்க்கும் கோடப்பமந்து என்றுதான் பெயர். ஓர் ஊரின்மேல் இன்னோர் ஊர் கட்டப்பட்டிருக்கிறது. சுமார் இரண்டாயிரம் பேருக்குள் இருக்கும் ஒரு சமூகம், தங்கள் மேய்ச்சல் நிலத்தில் முளைத்த ஊட்டியைச் சுற்றிப் பரந்து கிடக்கிறது.

தாவரவியல் பூங்காவின் மேல்பகுதியில் ஒரு மந்து இருக்கிறது. பூங்காவின் ஒரு பகுதி என்று நினைத்து ஏறிப் போகிறவர்கள் வீட்டு வாசலில் நின்று படமெடுக்கிறார்கள், ஜன்னல் வழியே எட்டிப்பார்க்கிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவர் வந்து பாட்டியைப் படமெடுத்தால் எப்படி இருக்கும்? அழைப்பு இல்லாமல் மந்துக்குள் போகாதீர்கள். தெரிந்த வழிகாட்டியோடு, முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். அரைவட்டக் கூரை வைத்த கோயிலுக்குள் தோடர் அல்லாதவர் போகக் கூடாது, தோடர் பெண்களும் போவதில்லை. தொலைவில் நின்று பாருங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள், "வேண்டாம்" என்றால் கேமராவை உள்ளே வையுங்கள். முத்தநாடு மந்தில் நடக்கும் மொற்பர்த் விழாவுக்கு வெளியாட்கள் கூடுவதுண்டு. அன்றைக்கு நீங்கள் விருந்தாளி, முன்வரிசை அவர்களுக்கு.

பிள்ளைகளுக்குச் சாக்லேட், பணம் கொடுக்கும் பழக்கம் நல்லெண்ணத்தில் தொடங்குகிறது. நாளடைவில் வண்டிச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் சாலைக்கு ஓடிவருகிறார்கள். கொடுக்க வேண்டும் என்று தோன்றினால் ஊர்ப் பள்ளி ஆசிரியரிடம் என்ன தேவை என்று கேட்டுக் கொடுங்கள்.

கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கும், படகர் ஹட்டிகளுக்கும் இதே மரியாதைதான். படகர் திருவிழாவில் அழைத்தால் போங்கள், சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள்.

படி 7: காடும் புல்வெளியும்

தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை "தமிழ்நாடு மலையேற்றம்" திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், நீலகிரியிலும் பல உண்டு. இணையத்தில் பதிவு செய்தால் உள்ளூர் இளைஞர்கள், பெரும்பாலும் பழங்குடியினர், வழிகாட்டியாக வருவார்கள். உங்கள் கட்டணத்தில் அவர்களுக்கு வேலை. இதைவிட்டு யாரோ ஒருவர் ரகசியப் பாதை காட்டுகிறேன் என்றால் போகாதீர்கள்.

குரங்குக்கு பிஸ்கட் போடுவது சின்ன விஷயமாகத் தோன்றும். அதற்குப் பழகிய குரங்கு அடுத்த நாள் எங்கள் சமையலறைக்கு வரும். குப்பைத் தொட்டியின் மிச்சம் மீதியைத் தேடி கரடியும் காட்டுமாடும் தெருவுக்கு வருவது குன்னூரிலும் கோத்தகிரியிலும் வாடிக்கையாகிவிட்டது. விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள்தான் அவற்றுக்கு எதிரே வருகிறார்கள்.

மது அருந்துபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 மே மாதம் முதல் இங்கே டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலில் ஏறியதால் வந்த ஏற்பாடு இது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 8: இறங்கும் நாளும் அதற்குப் பிறகும்

குன்னூரின் குப்பை ஓட்டுப்பட்டறைக்குப் போகிறது, ஊட்டியின் குப்பை தீட்டுக்கல்லுக்கு. இரண்டும் மனிதர்கள் வசிக்கும் இடங்கள். அங்கே தரம்பிரிக்கும் தொழிலாளர்களின் வேலையைக் குறைக்க ஒரே வழி, சிப்ஸ் பாக்கெட், டயப்பர், பேட்டரி எல்லாவற்றையும் அந்தக் காலிப் பையில் போட்டுக் கீழே கொண்டுபோவதுதான். உங்கள் ஊரில் தினமும் குப்பை வண்டி வரும், இங்கே சரிவில் ஒட்டியிருக்கும் பல தெருக்களுக்கு வண்டியே ஏறாது.

அறையைக் காலி செய்யும்போது சுத்தம் செய்யும் அக்காவின் கையில் நேராக ஏதாவது கொடுங்கள். செயலியில் போடும் டிப்ஸ் அவருக்குப் போய்ச்சேருமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

ஊருக்குப் போனதும் விமர்சனம் எழுதுவீர்கள். சின்ன ஹோம்ஸ்டேயில் குறை இருந்தால் முதலில் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லுங்கள். வெந்நீர் தாமதமானதற்கு நட்சத்திரத்தைக் குறைத்தால் அடுத்த மாதம் அந்த இரண்டு அறைக்கும் ஆள் வராமல் போகலாம். நன்றாக இருந்தால் எது நன்றாக இருந்தது என்று விவரமாக எழுதுங்கள்: வாளித் தண்ணீர் போதுமாக இருந்தது, பஸ்ஸிலேயே சுற்றினோம், ராகிக் களி ருசியாக இருந்தது என்று. அதைப் படித்து வருகிறவர்களும் அதையே கேட்பார்கள்.

படங்களைப் போடும்போது ஊர்ப் பெயர் போதும். யாரும் வராத அந்தப் புல்வெளிச் சுனைக்கு இருப்பிடக் குறி போடாதீர்கள். கீழே இருக்கும் ஹட்டிக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.